எடை அறிந்து தூக்குதல்

ஒரு நிறுவனத்தை மாற்றியமைப்பதற்கு முன் அதில் உண்மையாகக் கெட்டிருப்பது எது, அது எதனால் கெட்டது என்று தேடிக் காண்பதை முகாமைத்துவ நூல்கள் நிறுவன நோய்நாடல் என்று சொல்கின்றன. சொல் மருத்துவத்திலிருந்து வந்தது. காய்ச்சல் என்று வந்தவரைப் பரியாரியார் நாடி பிடித்துப் பார்க்கிறார், நாக்கை நீட்டச் சொல்கிறார், எத்தனை நாளாக என்று கேட்கிறார். அதன் பிறகுதான் மருந்துப் பெட்டியைத் திறக்கிறார். காய்ச்சல் ஒன்றுதான். அதன் பின்னே மலேரியா இருக்கலாம், டெங்கு இருக்கலாம், காலில் ஆறாத ஒரு புண்ணும் இருக்கலாம். நிறுவனங்களில் வேலை பிந்துகிறது, நட்டம் கூடுகிறது, நல்ல ஆட்கள் நிற்பதில்லை என்று எழும் முறைப்பாடுகள் இந்தக் காய்ச்சலைப் போன்றவை. அவை அறிகுறிகள். அறிகுறியையே நோய் என்று எடுத்துக்கொண்டு தலைவரை மாற்றுகிறார்கள், ஒரு திணைக்களத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள், இரண்டு கூட்டுத்தாபனங்களை ஒன்றாக்குகிறார்கள், கணினி வாங்கி அடுக்குகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய முறைப்பாடு அதே வார்த்தைகளில் திரும்பி வருகிறது.

இதைப் படிப்பதற்குத் திருகோணமலை பொருத்தமான இடம். ஆழமான நீர், பழைய கடற்படைத் தளம், எண்ணெய்த் தாங்கிகள், மீன்பிடிக் கரைகள், கடவைகள் எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. கை மாறிய நிர்வாகங்களும் இங்கே பல. எடை அறியாமல் தூக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தத் துறைமுகமே எண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்கண்ட சாட்சியாக இருந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இங்கே ஒரு மிதக்கும் டொக்கை வைத்திருந்தது. நீளமான ஒரு பெட்டியின் அடித்தளத்தையும் இரு பக்கச் சுவர்களையும் மட்டும் விட்டு, முன்னும் பின்னும் மேலும் திறந்துவிட்டது போன்ற உருக்குக் கட்டமைப்பு அது. அடித்தளத்துக்குள் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். அவற்றுக்குள் கடல்நீரை விட்டால் டொக் தாழும். தாழ்ந்த டொக்கின் நடுவே கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, நீரை வெளியே இறைத்தால், டொக் கப்பலையும் தாங்கிக்கொண்டு மேலெழும். அதன் பிறகு கப்பலின் அடிப்பாகம் உலர்ந்து வேலைக்கு ஏற்றதாகிவிடும். கேட்பதற்கு எளிமையான வேலை. ஆனால் கப்பலின் எடை முனையிலிருந்து முனைவரை ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. பீரங்கிக் கோபுரங்களும் இயந்திரங்களும் வெடிமருந்து அறைகளும் இருக்கும் இடங்களில் பாரம் கூடும், முனைகளில் குறையும். எந்தத் தொட்டியை முதலில் இறைப்பது, எதை எவ்வளவு இறைப்பது என்பது அந்தப் பாரத்தின் பரவலைப் பொறுத்தது.

1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி எச்.எம்.எஸ். வலியன்ற் என்ற போர்க்கப்பல் இந்த டொக்கில் ஏற்றப்பட்டது. கப்பலில் வெடிமருந்து முழுமையாக நிரம்பியிருந்தது. தொட்டிகள் இறைக்கப்பட்ட வரிசை அந்தக் கப்பலின் எடைப் பரவலுக்குப் பொருந்தாத வரிசையாக அமைந்தது. டொக் முனைகளில் அளவுக்கு மீறி வளைந்து, முதுகு முறிந்து, மூழ்கியது. வலியன்ற் அப்போதும் நீராவியோடு இயங்கும் நிலையில் இருந்தபடியால் பெருஞ்சேதத்திலிருந்து தப்பியது. ஆனாலும் உட்புறச் சுழலிகள் இரண்டும் ஒரு சுக்கானும் கெட்டுப்போயின. திருத்துவதற்காக அலெக்சாந்திரியா நோக்கிப் புறப்பட்ட கப்பலால் சுயெஸ் கால்வாய்க்குள் நேர்கோட்டில் ஓட முடியவில்லை. கால்வாய் வாயிலில் நிறுத்தி, முக்குளிப்பவர்களை இறக்கி, பழுதான சுழலிகளை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. டொக்குக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி இராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார்.

அன்று எதிரியின் குண்டு எதுவும் விழவில்லை. கப்பலைத் தூக்குவது என்ற நோக்கத்திலும் பிழையில்லை. ஒரு கப்பலுக்குச் சரியாக இருக்கக்கூடிய வரிசை இன்னொரு கப்பலுக்கு முதுகை முறிக்கும் வரிசையாகிறது என்பதுதான் நடந்தது. நிறுவன மாற்றத்தில் இதுபோன்ற தவறே மிகுதி. பிற இடத்தில் வெற்றி பெற்ற திட்டம், பிற நாட்டில் எழுதப்பட்ட கைந்நூல், போன வருடம் வேறொரு திணைக்களத்தில் நடந்த சீர்திருத்தம் ஆகியவை அப்படியே கொண்டுவரப்படுகின்றன. இந்த இடத்தில் பாரம் எங்கே இருக்கிறது என்று யாரும் அளப்பதில்லை. வேலையின் பாரம் அமைப்பு வரைபடத்தில் தெரிவதில்லை என்பதால் அளப்பது கடினமும்கூட. ஓய்வுபெறப் போகும் ஒரு பிரதம லிகிதரின் நினைவில் முப்பது வருடக் கோப்புகளின் இருப்பிடம் இருக்கும். வரைபடத்தில் அவருடைய கட்டம் மற்றக் கட்டங்களின் அளவில்தான் இருக்கும்.

இலங்கையின் துறைமுக நிர்வாகத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் 1979இல் நிகழ்ந்தது. அதற்கு முன் மூன்று அமைப்புகள் இருந்தன. 1913இல் உருவான கொழும்புத் துறைமுக ஆணைக்குழு கப்பல்களை வழிநடத்தியது, இறங்குதுறைகளையும் கட்டடங்களையும் பராமரித்தது. 1958இல் உருவான துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம், அதுவரை தனியார் கம்பனிகள் செய்துவந்த ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குக் கையாளலை ஏற்றுக்கொண்டது. 1967இல் வந்த மூன்றாவது அமைப்பு சரக்கை எண்ணிக் கணக்குப் பிடிப்பதையும் காவலையும் பார்த்தது. 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் மூன்றையும் ஒன்றாக்கி, அவ்வாண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி முதல் இலங்கைத் துறைமுக அதிகாரசபையை நிறுவியது.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி ஒரு மூடை அரிசியைப் பின்தொடர்வது. கப்பலின் அறையிலிருந்து மூடையை எடுத்துக் கரையில் வைக்கும் கை ஒரு முதலாளிக்கு வேலை செய்கிறது. பக்கத்தில் கொப்பியுடன் நின்று கோடு போடும் டாலி லிகிதருக்குச் சம்பளம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. அவர்கள் இருவரும் நிற்கும் இறங்குதுறை மூன்றாவது ஒருவருடையது. மூடை கிழிந்தால், எண்ணிக்கை குறைந்தால், மழையில் நனைந்தால், ஒவ்வொரு அமைப்பும் தன் பங்கு முடிந்துவிட்டது என்று சொல்லலாம், அப்படிச் சொல்வது பொய்யுமாகாது. இத்தகைய ஏற்பாட்டில் நோய் எந்த ஓர் அமைப்புக்குள்ளும் இல்லை, அமைப்புகள் ஒன்றையொன்று தொடும் தையலில் இருக்கிறது. ஒவ்வோர் அமைப்பையும் தனித்தனியே எவ்வளவு திருத்தினாலும் தையல் அப்படியே இருக்கும். ஆகவே இணைப்பு என்பது இந்த நோய்க்கு ஏற்ற மருந்துதான்.

ஆனால் கொழும்பின் வளர்ச்சிக்கு இணைப்பு மட்டும் போதுமானதாக இருந்ததில்லை. 1956இல் அமெரிக்காவில் மல்கம் மக்லீன் தொடங்கிய கொள்கலன் போக்குவரத்து, மூடை மூடையாகச் சரக்கு இறக்கும் காலத்தையே முடித்துவைக்கத் தொடங்கியிருந்தது. கொள்கலன் கப்பலுக்கு நீளமான இறங்குதுறை வேண்டும், பாரந்தூக்கிகள் வேண்டும், பின்னால் பெரிய வெளி வேண்டும். கொழும்பில் ஜய கொள்கலன் முனையத்தின் முதல் இறங்குதுறை 1985இல் இயங்கத் தொடங்கியது. தையலையும் அடைத்து, வரப்போகும் கப்பலுக்கு ஏற்ற கரையையும் கட்டியதால் பலன் கிடைத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் எது குறைந்தது என்று தெரியாமலே ஆண்டுகள் ஓடியிருக்கும்.

அதே சட்டம் காலியையும் திருகோணமலையையும் அதே அதிகாரசபையின் கீழ் கொண்டுவந்தது. திருகோணமலையின் நோயோ வேறு. இங்கே உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 1,630 ஹெக்டேயர். ஆழத்திலும் பாதுகாப்பிலும் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக இதை எண்ணாதவர் இல்லை. இத்தனை இருந்தும் ஏன் கப்பல் நிறைந்து நிற்கவில்லை என்ற கேள்விக்கு நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் விடை, சரியான நிர்வாகம் வரவில்லை, சரியான முதலீட்டாளர் வரவில்லை என்பது. இந்த விடை நோயைத் தொடவில்லை. சுயெஸிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் கப்பல் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்குச் சற்றுத் தெற்காகக் கடந்து போகிறது. அதற்குக் கொழும்பு சிறு விலகல், திருகோணமலை கிழக்குக் கரை நெடுக வடக்கே ஏறி மீண்டும் இறங்கி வரும் பயணம். ஒரு துறைமுகத்தில் இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றும் மாற்றுச் சரக்கு வியாபாரத்துக்கு அந்த மணித்தியாலங்கள் பெரிய விலை. துறைமுகத்தின் முதுகுப்புறத்தில் பெரிய தொழில் நகரமும் இல்லை. அதோடு கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த உள்நாட்டுப் போர் முதலையும் மக்களையும் அப்புறப்படுத்தியது.

ஆழம் இருக்கிறது, சரக்கு இல்லை. இப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: ஆழத்தையே விலைகொடுத்து வாங்கக்கூடிய சரக்கு எது? தளர்வாகக் குவித்துக் கொண்டுவரும் கோதுமை, சீமெந்துக்கான கிளிங்கர், எண்ணெய் போன்றவை. பெரிய கப்பலில் வந்து ஒரே இடத்தில் இறங்கி அங்கேயே பதனிடப்படும் பொருட்கள் இவை. சீனன்குடாவில் பிறீமா மாவாலையும், துறைமுகக் கரையில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் 1980களின் தொடக்கத்தில் எழுந்ததும், போர்க்காலம் முழுவதும் அவை நின்றுபிடித்ததும் தற்செயலல்ல. கொழும்புக்கு எழுதிய மருந்து இங்கே வேலை செய்யவில்லை என்று வருந்துவதை விட, இந்த உடலுக்கு எது ஒத்துக்கொண்டது என்று பார்ப்பது பயனுள்ளது.

நோய்நாடலைத் தவறவிட்டு மாற்றம் செய்ததன் விளைவைப் பற்றி உலக அளவில் மிகவும் பேசப்பட்ட ஆய்வு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இருவர் 1951இல் அதை வெளியிட்டார்கள். பழைய முறையில் சில பேர் கொண்ட சிறு குழு ஒன்றே கரியை வெட்டி, வாரி, ஏற்றி, மேற்கூரைக்கு முட்டும் கொடுத்தது. யார் களைத்தார், எந்தக் கல் சரியும் என்பதெல்லாம் அவர்களுக்குள்ளேயே தெரியும். இயந்திரம் வந்தபோது நீண்ட முகப்பில் பெருந்தொகையானோர் மூன்று வேலைநேர முறைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு முறையினர் வெட்டுவது, அடுத்தவர் வாருவது என்று ஆளுக்கொரு துண்டு வேலை. முதல் முறையில் சிறு தடங்கல் வந்தால் அடுத்த முறையினரின் நாளே கெட்டது. உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, வேலைக்கு வராதோர் தொகை கூடியது. மேற்பார்வை போதாது என்பது மேலிடத்துக்கு எளிதில் தோன்றும் விடை. இயந்திரம் வந்ததோடு, வேலையைத் தாங்கிக்கொண்டிருந்த மனித உறவின் கட்டும் அறுக்கப்பட்டுவிட்டது என்பதே ஆய்வாளர்கள் கண்டது. துறைமுகங்களில் சரக்கிறக்கும் கூட்டங்களைக் கொள்கலன் கலைத்தபோதும் எழுந்த கேள்வி இதுதான். மாற்றம் தேவையில்லை என்று இதற்குப் பொருளில்லை. பழைய ஏற்பாடு பெயர் சொல்லாமல் செய்துவந்த வேலை என்னவென்று முதலில் அறிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயரில்லாத வேலையை அறியாமல் பழையதை அகற்றுவது சில நேரம் உயிரோடு விளையாடுவதாகிவிடும். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், மக்கள் அக்கரை போகப் பயன்படுத்திய படகுப்பாதை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் வேண்டும் என்பதில் ஊரில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருந்திருக்காது. ஆனால் ஒரு கடவையில் கை வைக்கும் திட்டத்தில் முதலாவதாக எழுதப்பட வேண்டிய வரி சீமெந்தின் அளவு அல்ல. காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே எத்தனை பிள்ளைகள், எந்த வயதுப் பிள்ளைகள், எதில் ஏறி அக்கரை போகிறார்கள் என்பதே அந்த முதல் வரி.

நோய்நாடல் எப்படி நடக்கும் என்பதைச் சிறிய அளவில் பார்ப்பது நல்லது. கொட்டியாரக்குடாக் கரையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். சங்கம் ஃபைபர் வள்ளங்களுக்கு எஞ்ஜின் வாங்கக் கடன் கொடுத்திருக்கிறது. கடன் திரும்பி வருவது குறைந்துகொண்டே போகிறது. நிர்வாகக் குழு கூடுகிறது. செயலாளரை மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். வீடு வீடாகப் போய் அறவிட இரண்டு பேரைச் சம்பளத்துக்கு எடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். பிந்தினால் தண்டப்பணத்தைக் கூட்டினால் தானாகக் கட்டுவார்கள் என்பது மூன்றாவது யோசனை. மூன்றுமே மாற்றங்கள்தாம், மூன்றுமே செய்யக்கூடியவைதாம்.

பற்றுச்சீட்டுக் கொப்பியைத் திறந்து, ஆள் பேர் வாரியாக இருக்கும் கணக்கை மாத வாரியாக ஒருவர் திருப்பி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அரை நாள் வேலை. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை நிரல்கள் நிரம்பியிருக்கின்றன. கார்த்திகை, மார்கழி, தை வெறுமையாகக் கிடக்கின்றன. காரணம் கரையில் நிற்கும் எவருக்கும் தெரிந்ததே. வாடைக்காற்று எழுந்தால் இந்தக் கடல் கொந்தளிக்கும், ஃபைபர் வள்ளங்கள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும். ஆனால் கடன் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதமும் ஒரே தவணை என்று சொல்கிறது, ஏனென்றால் அந்தப் படிவம் மாதச் சம்பளக்காரருக்காக எழுதப்பட்ட படிவத்தைப் பார்த்து எழுதப்பட்டது. வீடு தேடிப் போகும் அறவீட்டாளர் மார்கழியில் எதை அறவிடுவார்?

இங்கே நிறுத்திவிட்டால் பாதி நோய்தான் தெரியும். கச்சான் காலத்து நல்ல மாதங்களிலும் எட்டுப் பேர் கட்டவில்லை என்பதைக் கொப்பி காட்டுகிறது. அவர்களிடம் போய் உட்கார்ந்து, கடனைப் பற்றிக் கேட்காமல், ஒருநாள் தொழிலைப் பற்றிக் கேட்டால் விஷயம் வெளியே வரும். எண்ணெயும் ஐசும் வாங்கக் கையில் காசில்லாமல் மீன் முதலாளியிடம் முற்பணம் பெறுகிறார்கள். அதற்காக மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கிறார்கள். பிடி நன்றாக இருந்தாலும் தவணைக்கு மிஞ்சுவதில்லை. ஆக ஒரே அறிகுறிக்கு இரண்டு நோய்கள். முதலாவதற்குத் தவணைகளைப் பருவத்தோடு பொருத்துவது போதும். இரண்டாவதற்குச் சங்கமே எண்ணெய்க்குச் சிறு கடன் கொடுப்பது போல வேறோர் ஏற்பாடு வேண்டும். தண்டப்பணத்தைக் கூட்டியிருந்தால் அந்த எட்டுப் பேரும் இன்னும் ஆழமாக முதலாளியின் கைக்குள் போயிருப்பார்கள். செயலாளரை மாற்றியிருந்தால் புதிய செயலாளருக்கும் அடுத்த வருடம் இதே குற்றச்சாட்டு வந்திருக்கும்.

இந்தச் சிறு உதாரணத்தில் முறையின் முக்கியமான அம்சங்கள் அடங்கியுள்ளன. ஏற்கெனவே இருக்கும் கணக்கை வேறொரு முகத்தில் திருப்பிப் பார்ப்பது முதலாவது. புதிய கணக்கெடுப்பு அதற்குப் பின்னர்தான். வேலையைச் செய்பவரிடம், வேலை நடக்கும் இடத்தில், வேலையைப் பற்றிக் கேட்பது அடுத்தது. அலுவலகத்துக்கு அழைத்து மேலதிகாரியின் முன்னால் கேட்டால் கிடைக்கும் விடை வேறு. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தில் தைச்சி ஓனோ பழக்கப்படுத்திய முறை ஒன்று உண்டு. ஒரு பழுதைக் கண்டால் ஏன் என்று ஒரு தடவையோடு நிறுத்தாமல் ஐந்து தடவை கேட்பது. நல்ல பழக்கம்தான், ஆனால் அது ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. மேலே கண்டது போல நூல் இரண்டாகப் பிரியும் இடங்களில் ஒரு நூலின் அடியைத் தொட்டதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. மாவின் வைஸ்போர்ட் 1976இல் எழுதிய கட்டுரையில் ஆறு இடங்களில் தேடச் சொன்னது இந்த ஆபத்துக்குக் காவலாக உதவும்: நோக்கம், அமைப்பு, உறவுகள், வெகுமதி, தலைமை, வேலையை இணைக்கும் உதவி ஏற்பாடுகள். மாற்றம் செய்ய வருபவர்களின் கண் பெரும்பாலும் அமைப்பிலும் தலைமையிலும்தான் விழுகிறது, ஏனென்றால் ஒரு கடிதத்தால் மாற்றக்கூடியவை அவை இரண்டுமே.

கண்டதை, அதைச் சொன்னவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ச் சரிதானா என்று கேட்பது பலர் விட்டுவிடும் படி. இதை விடக்கூடாது. பிழையாக விளங்கிக்கொண்டது அங்கே திருந்தும். அதோடு, தாம் சொன்னது கேட்கப்பட்டது என்று அறிந்தவர்கள் மாற்றம் வரும்போது அதை வேறு கண்ணால் பார்ப்பார்கள். தொழிலாளர் எதிர்ப்பு என்று சொல்லி ஒதுக்கப்படுவதில் கணிசமான பகுதி எதிர்ப்பல்ல, திட்டம் தீட்டியவருக்குத் தெரியாத ஒரு தகவல். கேர்ட் லெவின் இதை விசைகளின் மொழியில் விளக்கினார். ஒரு நிலை அப்படியே நிற்கிறது என்றால் முன்தள்ளும் விசையும் பின்னிழுக்கும் விசையும் சமமாக இருக்கின்றன என்று பொருள். தள்ளும் விசையைக் கூட்டுவதை விட இழுக்கும் விசை எது என்று கண்டு தளர்த்துவது மேல் என்பது அவர் கருத்து. வள்ளக்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. நங்கூரம் கல்லில் மாட்டியிருக்கும்போது எஞ்ஜினை முறுக்கினால் கயிறு அறும், அல்லது அணியம் பிளக்கும்.

பொருளின் நோயையும் அமைப்பின் நோயையும் பிரித்தறிவது தனியாகச் சொல்லப்பட வேண்டியது. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். அவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகப் பயன்பாடின்றிக் காட்டுக்குள் கிடந்தன. 2022 ஜனவரி 6ஆம் திகதி உடன்படிக்கை ஒன்று கையெழுத்தானது. லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61 என்று தாங்கிகள் பிரிக்கப்பட்டன. கூட்டுக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது. யாருக்குச் சொந்தம் என்ற நெடுநாள் வழக்குக்கு இது விடை தருகிறது, அந்த அளவில் தேவையானதும்கூட. ஆனால் ஒரு தாங்கியின் அடித்தகடு எவ்வளவு துருவேறியது, அத்திவாரம் எந்தப் பக்கம் தாழ்ந்தது, குழாய்கள் அழுத்தம் தாங்குமா என்பவற்றைத் தாங்கி தாங்கியாகப் போய் அளந்துதான் அறிய முடியும். அதற்கும் அப்பால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு எண்ணெயை இங்கே கொண்டுவந்து வைத்து யாருக்கு விற்பது? சேமிப்பு என்பது ஓட்டத்தின் நடுவே ஒரு தங்கல். உரிமை, உருக்கு, சந்தை ஆகிய மூன்றும் மூன்று நோய்நாடல்கள். ஒன்றுக்குக் கிடைத்த விடை மற்ற இரண்டுக்கும் விடையாகாது.

நோய்நாடலுக்கும் எல்லை உண்டு. தீப்பிடித்த கட்டடத்தில் மின்கம்பியா, சமையல் அடுப்பா என்று ஆராய்வதற்கு முன் ஆட்களை வெளியேற்ற வேண்டும். சம்பளம் கொடுக்கப் பணமில்லாத நிறுவனத்தில் முதலில் பணம் வெளியேறும் துளையை அடைக்க வேண்டும். இவை முதலுதவிகள், சிகிச்சைக்குப் பதிலாகாதவை. மறுபுறத்தில், ஆராய்வையே ஒளிவிடமாக்கும் வழக்கமும் இருக்கிறது. குழு நியமித்து, குழு அறிக்கை தந்து, அறிக்கையை ஆராய இன்னொரு குழு வந்து, அதற்குள் அமைச்சு மாறிவிடும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இது அநீதி. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு கிழமை போதும், ஒரு துறைமுகப் பிரிவுக்குச் சில மாதம் போதும். முழுமையாகத் தெரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. மிக வலுவான காரணம் என்று தோன்றுவதைச் சிறு அளவில் மாற்றிப் பார்த்தால், அந்தச் சோதனையே ஆராய்வின் அடுத்த பகுதியாகிவிடும். சங்கத்தின் எல்லாக் கடன்களையும் ஒரே நாளில் திருத்தாமல், ஒரு கரையைச் சேர்ந்த பத்துக் கடன்களுக்கு மட்டும் பருவத் தவணையைக் கொண்டுவருவது போல.

மாற்றத்துக்குப் பின் எதை அளப்பது என்பதும் மாற்றத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்பட வேண்டும். முன்நிலை எழுதப்படாவிட்டால், பின்னர் ஒவ்வொருவரும் தத்தம் நினைவிலிருந்து ஒரு முன்நிலையைச் சொல்வார்கள். வாடை கழிந்து மாசி பிறக்கும்போது அதே கொப்பியை எடுத்து அதே மாத நிரல்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். புதிய ஒப்பந்தப்படி கார்த்திகையிலும் மார்கழியிலும் தையிலும் வெறுமை இருக்கலாம், அது இப்போது குற்றமில்லை. பார்க்க வேண்டியது புரட்டாதி வரையுள்ள நிரல்களின் கூட்டுத்தொகை முழு வருடத் தவணையை எட்டியதா என்பதையே. பத்துப் பேரில் எவராவது நல்ல மாதங்களிலும் பின்தங்கியிருந்தால், அவருடைய ஐஸ் பெட்டியை நிரப்பிக் கொடுப்பவர் யார் என்று மீண்டும் கரைக்குப் போய்க் கேட்க வேண்டும்.